கார்பெட்டுக்கு அடியில ஒரு குளம்: காருக்குள்ள வந்த மழைத்தண்ணியைத் தேடிப் புடிச்ச கதை

மொதல்ல வந்தது நாத்தம் தான். காலைல கதவைத் திறந்தா, நாலு நாளா பக்கெட்டுல ஊறுன துணி மாதிரி ஒரு வாடை. நான் ஏசி மேல பழியைப் போட்டு ஒரு ஸ்ப்ரே அடிச்சு விட்டுட்டேன். அடுத்து கண்ணாடி, வெளிய குளிரே இல்லாத நாள்ல கூட உள்பக்கம் பூரா ஆவி படிஞ்சு நிக்கும், துணியால தொடைச்சுட்டு கெளம்புவேன், அதையும் பெருசா எடுத்துக்கல. கடைசில பக்கத்து சீட்டுல ஷூவைக் கழட்டிட்டு காலை நீட்டி உக்காந்த என் தம்பி தான், "அண்ணே, சாக்ஸ் நனையுது"ன்னான்.

மேட்டைத் தூக்கிப் பாத்தேன். கார்பெட் மேல கை வச்சா லேசா ஜில்லுன்னு இருக்கு, அவ்ளோ தான், ஈரம்னு கூட சொல்ல முடியாது. சும்மா கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்துனேன், விரலைச் சுத்தி தண்ணி பொங்கி மேல வந்துச்சு. விரலை எடுத்ததும் உள்ள போயிடுச்சு. அப்போ தான் வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா கார்பெட்டுக்கு அடியில ரெண்டு விரல் தடிமனுக்கு ஃபோம் ஒட்டியிருப்பாங்க, சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு, அது ஒரு பெரிய ஸ்பான்ஜ் தான், லிட்டர் கணக்குல தண்ணியைக் குடிச்சுட்டு மேல ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கும். மேல ஈரம் தெரிய ஆரம்பிக்குதுன்னா அடியில ஃபோம் நெறைஞ்சு வழியுதுன்னு அர்த்தம். எத்தனை மாசமா ஊறிட்டு இருந்துச்சோ.

இந்த மாதிரி தண்ணி பாத்தா உடனே மழைத்தண்ணின்னு முடிவு பண்ணக்கூடாது. ஏசி ஓடும்போது கூலிங் காயில்ல தண்ணி சொட்டும், அது ஒரு சின்ன குழாய் வழியா காருக்கு அடியில போகணும், அந்தக் குழாய் அடைச்சா அதே இடத்துல தான் உள்ள வழியும். இன்னொண்ணு ஹீட்டர் காயில் ஓட்டை, அதுல வர்றது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளுத்துற திரவம், தொட்டா வழவழன்னு இருக்கும், லேசா இனிப்பு வாடை அடிக்கும், கண்ணாடியில எண்ணெய் பூசுன மாதிரி படலம் வரும். என்னோடது வெறும் தண்ணி. ஏசி ஓடுன நாள்ல காருக்கு அடியில எப்பவும் போல சொட்டிட்டு தான் இருந்துச்சு, சரி அந்தக் குழாய் ஓகே. அப்புறம் மூணு நாள் ஏசியே போடாம நிறுத்தி வச்சேன், அதுல ஒரு ராத்திரி நல்ல மழை, காலைல அழுத்திப் பாத்தா இன்னும் ஜாஸ்தி. ஆக மழை தான்.

இதுக்கப்புறம் நான் பண்ணது தான் சுத்த முட்டாள்தனம். முன்கண்ணாடி மூலையில ரப்பர் ஓரமா ஒரு சின்ன இடைவெளி கண்ணுல பட்டுச்சு. ஆஹா கள்ளன் மாட்டிக்கிட்டான்னு, வீட்ல பாத்ரூமுக்கு வாங்கி மிச்சம் இருந்த சிலிக்கான் டியூப்பை எடுத்து கண்ணாடியோட கீழ் ஓரம், பக்கவாட்டு ஓரம் எல்லாம் இழுத்து விட்டுட்டேன். கேட்ட ஒரு மெக்கானிக்கும் கண்ணாடி தான் லீக், கழட்டி மறுபடி ஒட்டணும்னு சொல்லியிருந்தாரு, அந்தத் தைரியம் வேற. ஒரு வாரம் காய்ஞ்சு கெடந்துச்சு, ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன், அந்த ஒரு வாரமும் மழையே இல்லைங்கறது மழை வந்தப்புறம் தான் ஒறைச்சுது.

அந்தக் கண்ணாடியை வண்டியில பிடிச்சு வச்சிருக்கறது உள்ள இருக்குற பாலியூரித்தேன் பசை. வெளிய தெரியுற ரப்பர் பெரும்பாலும் அழகுக்கு தான். அதுக்கு மேல சிலிக்கான் பூசுறது தண்ணியை நிறுத்தாது, வழியை மாத்தி விடும், அவ்ளோ தான். இன்னொரு வில்லங்கம், காயும்போது வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்குற சிலிக்கான்ல இருந்து அசிடிக் ஆசிட் வெளிய வரும், பெயின்ட் போன தகரத்துல பட்டா துரு புடிக்க வச்சுரும். அதை எடுத்துட்டாலும் மிச்சம் இருக்குற படலத்து மேல பெயின்டும் ஒட்டாது, வேற பசையும் ஒட்டாது. ஒரு சாயந்திரம் பூரா பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் நகமும் வச்சு சொரண்டி எடுத்தேன். பூச எடுத்தது 10 நிமிஷம்.

அதுக்கப்புறம் தான் ஒழுங்கா உக்காந்தேன். முடிவு என்னன்னா, தண்ணி தேங்குற இடத்தைப் பாக்கறதை விட்டுட்டு, உள்ள எல்லாத்தையும் கழட்டி தகரம் தெரியுற மாதிரி ஆக்கிட்டு, தண்ணி வர்றதை கண்ணால பாக்கணும். ஏன்னா தண்ணி எங்கயோ உள்ள வரும், ஒரு ஒயர் கட்டைப் புடிச்சு ஊர்ந்து போகும், ஒரு மடிப்புல ஓடும், எங்க பள்ளமோ அங்க போய் நிக்கும். வண்டி மேட்டைப் பாத்து நிக்குதா பள்ளத்தைப் பாத்து நிக்குதாங்கறதை வச்சு குளம் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் மாறும்.

சீட்டைக் கழட்ட 4 போல்ட் தான். ஆனா சீட்டுக்கு அடியில மஞ்சக் கலர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, விளையாடக் கூடாது. பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டு ஒரு 10 நிமிஷம் சும்மா இருந்துட்டு தான் கனெக்டர் பக்கமே போனேன். சீட்டு வெளிய இருக்கும்போது பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்புனா ஏர்பேக் லைட் எரிஞ்சு நிக்கும், சீட்டை மாட்டுனப்புறமும் பல காருல கோளாறு காட்டுற ஸ்கேனர் மெஷின் வச்சு தான் அழிக்கணும், அதனால எல்லாம் முடியற வரைக்கும் பேட்டரியைத் தொடவே இல்ல. பின்னாடி ஒரு போல்ட் துருவுல இறுகிப் போச்சு, துரு இளக்குற ஆயில் அடிச்சு, டீ குடிச்சுட்டு வந்து, கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் லூஸ் பண்ணி ஆட்டி ஆட்டி எடுத்தேன். கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டையெல்லாம் கிளிப் தான், இழுத்தா வந்துரும்.

கார்பெட்டை மடிச்சுத் தூக்குனா ஃபோம்ல இருந்து தண்ணி கையை வழிச்சுக்கிட்டு முழங்கை வரைக்கும் ஓடுது. பிழிஞ்சு பிழிஞ்சு பக்கெட்டுல விட்டேன், முன்பக்கம் மட்டுமே அரை பக்கெட்டுக்குக் கிட்ட வந்துச்சு, டீத்தண்ணி கலர்ல. அடியில ஓடுற ஒயர் கட்டுல ஒரு கனெக்டரைத் திறந்து பாத்தா பின் எல்லாம் பச்சைப் பாசி மாதிரி பூத்து கெடக்கு. கொஞ்ச நாளா சென்ட்ரல் லாக் இஷ்டத்துக்கு வேலை செஞ்சதுக்கு காரணம் அங்க தான் இருந்துச்சு. நானோ ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திட்டு இருந்தேன்.

தகரத்தைத் துணியால தொடைச்சு, ஒரு நாள் ஃபேன் வச்சு காய விட்டு, அதுக்கு மேல முகத்துக்குப் போடுற பவுடரை மெல்லிசா தூவி விட்டேன். ஒரு சொட்டு ஓடுனாலும் பவுடர்ல கோடு விழுந்துரும், எங்கிருந்து ஆரம்பிச்சுதுன்னு கோடே காட்டிக் குடுக்கும். தம்பியை டார்ச்சோட டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு படுக்க வச்சுட்டு நான் வெளிய ஹோஸ் புடிச்சேன். ஹோஸ் முனையில எதுவும் மாட்டாம, மழை வழியுற மாதிரி மெதுவா ஓட விடணும். பிரஷர் வாஷர் வச்சு அடிச்சா நல்ல ரப்பருக்குள்ளயும் தண்ணி ஏறும், இல்லாத லீக்கைத் தேடிட்டு இருப்போம். அப்புறம் முக்கியமா கீழ இருந்து மேல போகணும். கூரையில ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எது எதுன்னே தெரியாது. கதவோட கீழ் ஓரம் 5 நிமிஷம், ஒண்ணும் இல்ல. கதவு ரப்பர் பீடிங் 5 நிமிஷம், இல்ல. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, வைப்பர் இருக்குற அந்தப் பள்ளத்துல விட்டேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல, மூணு நிமிஷம் ஒண்ணும் இல்ல, அடுத்த இடத்துக்குப் போகலாம்னு ஹோஸைத் தூக்கும்போது உள்ள இருந்து "அண்ணே அண்ணே, மூஞ்சியில சொட்டுது"ன்னு அலறல். ஏசி காத்தை ஊதுற ஃபேன் இருக்குற ப்ளோயர் டப்பாவோட அடியில இருந்து, கம்பி மாதிரி.

அந்தப் பள்ளத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், நெறைய காருங்க நனையுறதுக்கு காரணம் இது தான். முன்கண்ணாடியில விழுற மழை பூரா வைப்பருக்கு அடியில இருக்குற பிளாஸ்டிக் ஜாலி வழியா ஒரு தகரத் தொட்டிக்குள்ள இறங்கும். தொட்டியோட ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை, அது வழியா மட்காட் பின்னாடி இறங்கி தரைக்குப் போயிரும். அதே தொட்டிக்குள்ள தான் ஏசிக்கு வெளிக்காத்து எடுக்குற வாயும் இருக்கு, அதைச் சுத்தி தண்ணி ஏறாம இருக்க வரப்பு மாதிரி ஒரு விளிம்பு. ஓட்டை அடைச்சா தொட்டி நெறையும், விளிம்பைத் தாண்டுனா நேரா ப்ளோயருக்குள்ள, அங்கிருந்து பக்கத்து சீட்டு கால் மாட்டுல. அந்த மூணு நிமிஷம் ஒண்ணும் வராம இருந்தது தொட்டி நெறைய எடுத்துக்கிட்ட நேரம். சின்னத் தூறல்ல லீக் ஆகாம பெரு மழையில மட்டும் ஆனதுக்கும் இதான் கணக்கு. கிளவ் பாக்ஸ் பின்னாடி இருக்குற ஏசி ஃபில்டரை அப்புறம் உருவிப் பாத்தேன், அடி ஓரம் பூரா அலை அலையா தண்ணிக் கறை. இதை மொதல் நாளே பாத்திருந்தா, ரெண்டு நிமிஷ வேலை, சிலிக்கான் கூத்தே நடந்திருக்காது.

வைப்பர் கையைக் கழட்டுறதுக்கு முன்னாடி அது கண்ணாடியில நிக்குற இடத்துல டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கோங்க, இல்லன்னா மாட்டும்போது கோணலா நிக்கும். நட்டைக் கழட்டுனாலும் கை பல்லுல இறுகி வராது, பக்கவாட்டுல ஆட்டி ஆட்டி தான் எடுக்கணும், சுத்தியலால தட்டக்கூடாது. பிளாஸ்டிக் ஜாலியைத் தூக்கும்போது கிளிப் ரெண்டு படக் படக்னு ஒடைஞ்சுது, பழைய பிளாஸ்டிக் அப்படித்தான்.

உள்ள பாத்தா தொட்டி இல்ல, தோட்டம். மக்கிப்போன எலை, மண்ணு, காஞ்ச பூவு எல்லாம் சேந்து நாலு விரல் ஒயரத்துக்கு கறுப்பு உரம் மாதிரி கெட்டியா கெடக்கு, அதுல ஒரு ஓரமா ரெண்டு எலையோட ஒரு செடி முளைச்சு நிக்குது. வெளுத்துப் போன பச்சை, ஜாலி ஓட்டையில விழுற வெளிச்சத்தைப் பாத்து சாஞ்சு நிக்குது. தம்பி அதைப் புடுங்க விடல, ஒரு டப்பாவுல எடுத்து வச்சுக்கிட்டான். மரத்தடி நிழல்ல நிறுத்துறேன்னு பெருமையா இருந்தேன் இத்தனை நாளும்.

மண்ணைக் கையால அள்ளி எடுத்துட்டு தான் தண்ணி விட்டேன், மொதல்லயே தண்ணி அடிச்சா மொத்தமும் ஓட்டைக்குள்ள போய் இன்னும் இறுகும். ஓட்டையில ஒரு ரப்பர் மூக்கு இருந்துச்சு, தண்ணி வந்தா திறந்து இல்லாதப்போ மூடிக்கிற மாதிரி, வாத்து அலகு போல. அதுக்குள்ள சகதி களிமண்ணா இறுகிப் போயிருந்துச்சு. சிலர் அந்த மூக்கையே வெட்டிருவாங்க, அடியில இருந்து புழுதியும் தண்ணியும் மேல தெறிக்கக் கூடாதுன்னு தானே அதை வச்சிருக்கான், அதனால நான் வெட்டல. கழட்டி, பழைய டூத் பிரஷ் வச்சு கழுவி மாட்டுனேன். ஒரு பக்கெட் தண்ணியை ஊத்துனதும் கடகடன்னு சக்கரத்துக்குப் பின்னாடி கொட்டுற சத்தம் இருக்கே, அப்படி ஒரு நிம்மதி.

கதை முடிஞ்சுதுன்னு தான் நெனச்சேன். அடுத்த மழைக்கு முன்பக்கம் காஞ்சு கெடக்கு, ஆனா பவுடர்ல ஒரே ஒரு கோடு. முன்கதவு ஓரத்து படியில இருந்து ஆரம்பிச்சு சீட்டு இருந்த இடத்துக்கு அடியில போய் பின்சீட்டு கால் மாட்டுல முடியுது. ரெண்டு லீக் ஒரே குளத்துல கலந்து இருந்திருக்கு. ஹோஸ் டெஸ்ட்டுல இது ஏன் தப்பிச்சுதுன்னா, நான் கதவைச் சுத்தி இருக்குற ரப்பர் மேல தான் தண்ணி விட்டேன், கண்ணாடி மேல விடவே இல்ல. முன்பக்க சொட்டைப் பாத்த சந்தோஷத்துல ஹோஸை அப்படியே சுருட்டி வச்சுட்டேன்.

மொதல்ல ரப்பர் பீடிங் மேல தான் சந்தேகம். கதவுல ஒரு பேப்பர் துண்டை வச்சு சாத்தி இழுத்துப் பாத்தேன், சுத்தி ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தடவை. எல்லா இடத்துலயும் இறுக்கமா தான் புடிச்சுது. அடுத்து ஹோஸை எடுத்து கதவுக் கண்ணாடி மேல மட்டும் வழிய விட்டேன். டோர் பேடுக்கு, அதாவது கதவோட உள்பக்க மூடிக்கு, அடி விளிம்புல இருந்து, உள்பக்கமா, சொட்டு சொட்டா வந்துச்சு.

கதவுக்குள்ள தண்ணி போறது தப்பே இல்ல. கண்ணாடி மேல விழுற மழை ஓரத்து ரப்பரைத் தாண்டி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும், கதவோட அடியில இருக்குற ஓட்டை வழியா வெளிய போகும், எல்லா காரும் அப்படித்தான். அந்தத் தண்ணி டோர் பேட் பக்கம் வராம தடுக்கறது தகரத்து மேல ஒட்டியிருக்குற ஒரு பிளாஸ்டிக் ஷீட் தான், சுத்தி கறுப்பா பிசுபிசுன்னு பியூட்டைல் பசை வச்சு ஒட்டியிருப்பாங்க. என் காருல அந்த ஷீட் எப்படி இருந்துச்சுன்னா, கீழ் ஓரத்துல பாதிக்கு மேல பிரிஞ்சு தொங்குது, ஸ்பீக்கரைச் சுத்தி கத்தியால கிழிச்ச மாதிரி, அதுக்கு மேல காஞ்சு மஞ்சளாகி உரிஞ்சு போன செல்லோ டேப்.

கிழிச்சது நான் தான். போன வருஷம் ஸ்பீக்கர் மாத்துனப்போ, அந்த ஷீட் சும்மா தூசிக்குன்னு நெனச்சு அறுத்துட்டு செல்லோ டேப் போட்டு மூடினேன். பாட்டு நல்லா கேக்குதுன்னு எல்லார்கிட்டயும் காட்டிட்டு திரிஞ்சேன். மெக்கானிக், கம்பெனி, மழை எல்லாத்தையும் திட்டுன வாயை மூடிட்டு டோர் பேடைக் கழட்டுனேன்.

கைப்பிடிக்குப் பின்னாடி மூடிக்குள்ள ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், அதைக் கழட்டாம பேடை இழுத்து உடைக்குறவங்க நெறைய பேரு. பழைய ஷீட்டை முழுசா எடுத்து, அதையே அளவா வச்சு தடிமனான பாலித்தீன்ல புதுசு வெட்டுனேன். பழைய பியூட்டைல் கையில ஒட்டுனா சட்டை, முடி, ஃபோன் எல்லாத்துலயும் ஒட்டும், துணியால தொடைச்சா இன்னும் பரவும். அந்தப் பசையிலயே ஒரு உருண்டை உருட்டி அதால ஒத்தி ஒத்தி எடுத்தா தான் தகரத்தை விட்டு வருது, மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி, அப்புறம் சோப்புத் தண்ணி. புது பியூட்டைல் கயிறை எங்கயும் விட்டுப் போகாம ஒரே சுத்தா ஒட்டி, ஹேர் டிரையர் காட்டி சூடு பண்ணிட்டு ஷீட்டை அழுத்தினேன். கீழ் ஓரம் தான் உயிர்நாடி, அங்க அரை விரல் இடைவெளி இருந்தாலும் அது தான் வாய்க்கா. ஸ்பீக்கருக்கு மேல ஒரு சின்ன கூரை மாதிரி பிளாஸ்டிக்கை மடிச்சு வச்சேன், தண்ணி அதோட முதுகுல விழாம இருக்க. கதவு அடி ஓட்டையையும் ஒரு கேபிள் டை விட்டு குத்தி விட்டேன், கொஞ்சம் மண்ணு வந்துச்சு.

டெஸ்ட்டுக்கு 2 லிட்டர் பாட்டில் தண்ணியைக் கண்ணாடி ஓரத்துல மெதுவா ஊத்துனேன். கிட்டத்தட்ட மொத்தமும் கதவு அடியில கொட்டுச்சு, உள்பக்கம் விரிச்ச பேப்பர்ல ஒரு சொட்டு இல்ல.

காய வைக்கறது தான் இருக்கறதுலயே பொறுமை வேணுங்குற வேலை. ஃபோம் கார்பெட்டோட ஒட்டியே இருக்கு, பிரிக்க முடியல. சோப்புத் தண்ணியில அலசி, சாச்சு வச்சு, ஒரு பக்கம் வெயில் ஒரு பக்கம் ஃபேன்னு 5 நாள் ஆச்சு. மூணாவது நாளே மேல காஞ்சுடுச்சு, மாட்டிரலாமான்னு கை துறுதுறுங்குது, அழுத்திப் பாத்தா நடுவுல இன்னும் ஜில்லுன்னு இருந்துச்சு. அரைகுறையா மாட்டிட்டு மேல மேட்டைப் போட்டா மறுபடி பூஞ்சை தான், அந்த வாடையை எந்த வாசனை டப்பாவும் மூடாது. அதுக்குள்ள தரைத் தகரத்துல இருந்த மேல் துருவை ஒயர் பிரஷ் வச்சு தேச்சு ப்ரைமர் அடிச்சேன், பச்சை பூத்த கனெக்டருக்கு கான்டாக்ட் கிளீனர். தரையில வட்டமா ரப்பர் அடைப்பான் இருக்கும், அதைப் புடுங்கி விட்டா தண்ணி தானா போயிரும்னு தம்பி ஐடியா குடுத்தான். ரோட்டுத் தண்ணி அதே ஓட்டை வழியா மேல வரும்டான்னு சொல்லி அதை நல்லா அழுத்தி மாட்டுனேன்.

சன்ரூஃப் இருக்குற கார்னா தேடல் வேற எடத்துல ஆரம்பிக்கும். அங்கயும் தண்ணி உள்ள இறங்கறது சகஜம், சுத்தி இருக்குற தொட்டியோட மூலையில இருந்து மெல்லிசா குழாய் தூணுக்குள்ள ஓடும், அது அடைச்சா கூரைத் துணி நனையும். வழவழப்பான நைலான் நரம்பை விட்டு தான் சுத்தம் பண்ணணும், கம்ப்ரசர் காத்து அடிச்சா குழாய் உள்ள இணைப்புல இருந்து கழண்டுக்கிட்டு மொத்த தண்ணியும் தூணுக்குள்ள இறங்கும். டிக்கியில ஸ்டெப்னி பள்ளத்துல தண்ணின்னா பின் லைட்டோட கேஸ்கெட்டையும் பம்பருக்குப் பின்னாடி இருக்குற காத்து போக்கியையும் மொதல்ல பாருங்க.

சீட்டை மாட்டி, அப்புறம் பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்புனேன், ஏர்பேக் லைட் எரிஞ்சு தானா அணைஞ்சுது. அதுக்கப்புறம் மூணு பெரு மழை. மொதல் மழைக்கு ராத்திரி 2 மணிக்கு குடையும் டார்ச்சுமா போய் மேட்டுக்கு அடியில கையை விட்டுப் பாத்துட்டு வந்தேன், வீட்ல என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அங்க விரிச்சு வச்சிருந்த பேப்பர் மொறுமொறுன்னு இருந்துச்சு. இப்போ மிச்சம் ஒண்ணே ஒண்ணு தான், ஒடைஞ்ச கிளிப் ரெண்டும் இன்னும் வாங்கல, வண்டி 80க்கு மேல போனா வைப்பர் ஜாலி டிக் டிக்னு தட்டிக்கிட்டே வருது. தம்பியோட செடி நாலாவது எலை விட்டிருக்கு, என்ன மரம்னு இன்னும் தெரியல.